கிண்ணைமுனை வெறுங்காணி இல்லை, மகன்

மகன்,

வீட்டுக்கு வந்து கேட்டால் "ஒஃபிஸ் கதை இஞ்ச வேணாம் அம்மா" என்கிறாய். அலுவலகத்துக்கு வந்து கேட்டால் "வீட்டில கதைப்பம் அம்மா" என்று தேநீர் வரவழைக்கிறாய். இரண்டு கதவும் பூட்டிக் கிடப்பதால் தெருவில் நின்று பேசுகிறேன். இதைப் பத்திரிகைக்குக் கொடுப்பதற்கு முன்னால் உன்னிடம் காட்டவில்லை. உன் அப்பாவிடம் மட்டும் காட்டினேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்து, "பிள்ளையை ஊருக்கு முன்னால நிப்பாட்டுறியே" என்றார். ஓம், நிறுத்துகிறேன். ஊருக்கு வேலை செய்கிறவன் நீ. ஊருக்கு முன்னால் நிற்பதற்கும் சேர்த்துத்தான் உனக்குச் சம்பளம்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நீ வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பிரதேச செயலாளர். போர்க்காலத்தில் அதே படுவான்கரையில் அதே நாற்காலியில் நான் இருந்தேன். கிண்ணைமுனை என்பது உன் பிரிவில் வாவிக்குள் நீட்டிக்கொண்டு கிடக்கும் ஒரு தாழ்ந்த கரை. கொஞ்சம் கண்டல் மரம், கொஞ்சம் புல், மிச்சமெல்லாம் சேறு. அதை இறால் பண்ணைக்கும் அதோடு ஒட்டி ஓர் உல்லாச விடுதிக்குமாக ஒரு கம்பனிக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுக்கலாம் என்று நீ சிபாரிசு எழுதியிருக்கிறாய். "பாவனையற்ற அரச காணி" என்று உன் கள அறிக்கை சொல்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை எல்லைக்கல் நடப் போகிறார்கள். கல் நட்டு வேலி வந்துவிட்டால், அங்கே இறால் பிடிக்கிற, மாடு மேய்க்கிற குடும்பங்கள் எல்லாம் அன்றிலிருந்து அத்துமீறி நுழைகிறவர்கள். அவ்வளவுதான் விஷயம். சின்ன விஷயம் என்று உனக்குத் தோன்றுகிறது. அதுதான் என் கோபம்.

எனக்கு இதைச் சொன்னது நீ அல்ல. தங்கம்மா. கிண்ணைமுனையிலிருந்து பஸ் ஏறிக் கல்லடிக்கு வந்து, நம் வீட்டுக் குசினி வாசலில் இறால் பையை வைத்துவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்: "மிஸ், எங்கட கரைய எழுதிக் குடுத்தது உங்கட மகன்தானாமே?" இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உன் கையெழுத்தை அவள் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்திருந்தாள். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? "ம" எழுதும்போது கடைசிக் கோட்டை மேலே இழுப்பாய். முதலாம் வகுப்பில் நான் எத்தனையோ தரம் திருத்தியும் திருந்தாத கோடு.  தங்கம்மா இறாலுக்குக் காசு வாங்கவில்லை. எனக்கு அன்று அந்த இறாலைச் சமைக்க மனம் வரவில்லை. உன் அப்பாதான் சமைத்தார்.

பிறகு நான் உன்னைத் தொலைபேசியில் பிடித்தபோது நீ சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன், மறுக்கத் தோன்றினால் மறுத்து எழுது. "அம்மா, அது உங்கட காலம். அப்ப ரெண்டு பக்கமும் கையில துவக்கு இருந்திச்சு. நடுவில நிண்ட ஆளுக்கு ஒரு மரியாதை இருந்திச்சு. இப்ப ஒரு பக்கம்தான் இரிக்கு. அதில நிக்காட்டி வீட்டுக்குப் போகணும்." அதோடு விடாமல், கம்பனிக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்த நம்முடைய ஆட்கள்தான், நம்முடைய பொடியன்களுக்குத்தான் வேலை கிடைக்கும் என்றாய். உன் வாதம் முட்டாள்தனமானது என்று சொல்ல மாட்டேன். முட்டாள்தனமாக இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. உன்னைப் போலப் படித்த, லஞ்சம் வாங்காத, சாயந்தரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாவற்குடாச் சந்தியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கிற நல்ல மனிதர்கள் எல்லோரும் இந்த வாதத்தில்தான் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

முதலில் அந்த மரியாதைக் கதையை முடிப்போம். நடுவில் நின்றவளுக்கு மரியாதை இருந்தது என்று உனக்கு யார் சொன்னது? நான் வாவியைக் கடப்பதற்குப் பாதை ஏறினேன். பாலம் வருவதற்கு முன்னால் வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போன அந்தத் தட்டைப் படகு. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரைத் துறையில் ஆமி என் கைப்பையைக் கொட்டிப் பார்ப்பான். படுவான்கரைத் துறையில் இயக்கப் பொடியன் அதே பையைத் திரும்பக் கொட்டிப் பார்ப்பான். உன் சித்திரப் புத்தகத்துக்கு வாங்கிய வர்ணப் பெட்டியைக்கூட இரண்டு பேரும் திறந்து பார்த்தார்கள். கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தில் என்னைப் பொடியன்களின் ஆள் என்றார்கள். அங்கால என்னை ஆமியின் ஆள் என்றார்கள். நகரத்துப் பெரிய மனிதர்கள் அந்தக் காட்டுப்பக்கத்துக்குப் போகிறவள் என்று மூக்கைச் சுளித்தார்கள். பாதையின் நடுவில் பயத்தில் வாந்தி எடுத்திருக்கிறேன். அதை மரியாதை என்று சொல்கிறாய்.

கிண்ணைமுனையை அப்போதும் கேட்டார்கள். எழுவான்கரை முகாமிலிருந்த அதிகாரி, கண்டல் மரங்கள் பார்வையை மறைக்கின்றன, வெட்டித் துப்புரவாக்க ஒழுங்கு செய்யுங்கள் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு கிழமை போவதற்குள் இயக்கத்தின் பிரதேசப் பொறுப்பாளர், அந்தக் கரைக்கு இனிச் சனங்கள் போகக் கூடாது, எங்களுக்குத் தேவைப்படுகிறது என்று தனியாகச் சொல்லி அனுப்பினார். இரண்டு பேரிடமும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: புதன்கிழமை வந்து கேளுங்கள்.

புதன்கிழமை பொதுமக்கள் தினம். இப்போதும் உன் அலுவலகத்தில் அது இருக்கிறது, குளிரூட்டிய அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் கதிரைகளில். அப்போது போரால் இரண்டு கரையிலும் சிதறியிருந்த சனங்கள் வாவியைக் கடந்து என்னிடம் வர முடியாது. அதனால் மேசையைத் துறைக்குக் கொண்டுபோனேன். காலையில் எழுவான்கரைத் துறை, மத்தியானத்துக்குப் பிறகு படுவான்கரைத் துறை. என் சட்டம் ஒன்றுதான். காதுக்குள் கதை கிடையாது. என்ன வேண்டுமோ அதை வரிசையில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்க வேண்டும். நிவாரண அட்டை கேட்டவளும் அப்படித்தான் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டான் என்று சண்டைக்கு வந்தவனும் அப்படித்தான் கேட்டான். சிலருக்கு அது வெட்கம். அந்த வெட்கத்தை நான் பொருட்படுத்தவில்லை. வெளியே சொல்ல வெட்கப்படுகிற கோரிக்கைக்குத்தான் நான் பயந்தேன்.

முகாம் அதிகாரி வந்தார். நம்ப மாட்டாய், சாதாரண சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கர்ப்பிணிக்குப் பின்னால் வரிசையில் நின்றார். மொழிபெயர்க்க ஒரு சிப்பாய். கண்டலை வெட்ட வேண்டும் என்று சிப்பாய் மெதுவாகச் சொன்னான். சத்தமாகச் சொல்லச் சொன்னேன். சொன்னான். வரிசையே திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து ஒரு மீன்காரர், "வெட்டலாம் ஐயா, மறுகா குஞ்சு இறால் உங்கட காம்புக்குள்ளயா ஒதுங்கும்?" என்று கேட்டார். சிப்பாய் அதை மொழிபெயர்க்கத் தயங்கினான். அதிகாரி அவனை விடாமல் கேட்டு வாங்கிச் சிரித்துவிட்டார். சிரித்தவர் பிறகு அந்தக் கோரிக்கையை என்னிடம் கொண்டுவரவில்லை.

பொறுப்பாளர் வந்தபோது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. இருபத்தைந்து வயது இருக்குமோ என்னவோ. நேரே மேசைக்கு வந்து நின்றான். வரிசையைக் காட்டினேன். "ஆமிக்காரன வரிசையில நிப்பாட்டினது உங்களுக்குப் பெரும. நாங்க நிக்க மாட்டம் மிஸ்" என்றான். "அப்ப நான் எழும்புறன்" என்று சொல்லி மேசையை மடிக்கத் தொடங்கினேன்.   அப்போது வரிசையின் நடுவிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "மனே, உன்ட அம்மாவும் வரிசையிலதான் நிக்கிறன்." அவன் திரும்பிப் பார்த்தான். அரிசி அட்டைக்கு வந்த தாய், கையில் பையோடு நின்றாள்.  பிறகு போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றான். முறை வந்தபோது கிண்ணைமுனையைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. அவனுடைய தாய்க்கு அட்டை எழுதிக் கொடுத்தேன், போனார்கள். அந்தத் தாய்தான் தங்கம்மா. அவன் இப்போது இல்லை. எப்படி இல்லாமல் போனான் என்று உனக்குத் தெரியும். அதை இந்தக் கடிதத்தில் வைத்து விற்க மாட்டேன்.

இதை வெற்றிக் கதை என்று எடுத்துக்கொள்ளாதே. அந்த அதிகாரி மாற்றலாகிப் போனபின் வந்தவர் யாரையும் கேட்கவில்லை. கண்டலில் பாதி போய்விட்டது. மற்றப் பாதிப் பக்கம் இயக்கம் காவல் போட்டது. சனங்கள் பயந்து பயந்துதான் போய்வந்தார்கள். நான் எதையும் காப்பாற்றவில்லை. ஆனால் என் பேனா அதற்கு உதவவில்லை. கரையைப் பறித்தது யார் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருந்தது. இன்றைக்கு அதே கரை போகிறது. பறித்தது யார் என்று கேட்டால் சனங்கள் உன் பெயரைச் சொல்கிறார்கள். கம்பனியின் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. உன் பின்னால் நிற்கிற அரசியல்வாதியின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. இதைத்தான் நீ ஒரு பக்கத்தில் நிற்பது என்கிறாய். அவர்கள் நிழலில் இருக்கிறார்கள், மகன். நீதான் வெயிலில் நிற்கிறாய்.

சமாதான காலத்தில் ஓர் அமெரிக்கர் வந்தது உனக்கு நினைவிருக்கும், உனக்கு அப்போது பத்து வயது. உதவி நிறுவனமொன்றிலிருந்து வந்தவர், உயரமானவர், நம் வீட்டு நிலையில் தலையை இடித்துக்கொண்டார். இங்கே ஆள்வது யார் என்று ஊரில் கேட்டிருக்கிறார். சனங்கள் என்னைக் காட்டியிருக்கிறார்கள். தன்னுடைய மாநிலத்தில் வடக்கும் தெற்கும் சண்டை பிடித்த காலத்தில் ஓர் ஆளுநர் இருந்தாராம். வழக்கறிஞராகத் தொடங்கி, தேர்தலில் ஒருமுறை தோற்று, பிறகு வென்று, போர் முழுவதும் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்து, உடுப்பும் குதிரையும் அனுப்பி, காயப்பட்டவர்களைப் போய்ப் பார்த்து, போர் முடிந்தபின் மேல் பதவிக்குப் போனாராம். இன்றும் சதுக்கத்தில் சிலை நிற்கிறதாம். மிகப் பெருமையாகச் சொன்னார். அந்த ஆளுநருடைய மாநிலத்துக்குள் எத்தனை பக்கம் இருந்தது என்று கேட்டேன். ஒரு பக்கம்தான் என்றார். அப்படியானால் அவருக்கு வேலை இலேசு என்றேன்.  அன்றிலிருந்து அலுவலகப் பியோன் என்னைக் "கவர்னர் மிஸ்" என்று கேலி செய்தான். நீ பள்ளிக்கூடத்தில் "என் தாய் ஒரு கவர்னர்" என்று கட்டுரை எழுதிவிட்டு வந்தாய். ஆசிரியை அதை அடித்துவிட்டு "பொய் எழுதக் கூடாது" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாள். நீ அழுதாய். நான் அன்று ஆறுதல் சொல்லவில்லை, பாதைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன்.

உன் பரிசளிப்பு விழாக்களுக்கும் வரவில்லை. உனக்கு அம்மை போட்டபோது படுவான்கரையில் வெள்ளம். நான் அங்கே இருந்தேன். இவற்றுக்கெல்லாம் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்தால் கேட்க மாட்டேன். இதே வேலையில் ஆண் ஒருவன் இருந்திருந்தால் அவனிடம் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். உன் அப்பா உன்னை வளர்த்தார், நன்றாகவே வளர்த்தார். சமைக்கவும் தெரிந்துகொண்டார்.

இனி உன் அறிக்கைக்கு வருகிறேன். நீ பொய் எழுதவில்லை. அது எனக்குத் தெரியும், அதனால்தான் உன்னோடு பேச இன்னும் ஏதோ இருக்கிறது. நீ கிண்ணைமுனைக்குப் போனது மாசி மாதத்தில். மழை வெள்ளம் வடிந்து, புல் முளைப்பதற்கு முந்தைய மாதம். அப்போது அங்கே சேறுதான் இருக்கும். மனிதன் இல்லை, மாடு இல்லை, வலை இல்லை. கரையில் ஜீப்பை நிறுத்திப் பார்த்திருக்கிறாய், வெறுங்காணி என்று எழுதியிருக்கிறாய். வைகாசியில் போயிருந்தால் வயல் வட்டையில் வேளாண்மை நிற்கிறதே என்று அங்கிருந்து ஓட்டிவிட்ட மாடுகள் எல்லாம் அந்தப் புல்லில்தான் நின்றிருக்கும். கார்த்திகையில் போயிருந்தால் கரையே இல்லை, வாவி; பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் அத்தாங்கு வலையோடு நின்றிருப்பார்கள். அந்தக் காணி பாதி வருஷம் நிலம், பாதி வருஷம் தண்ணீர். மாடு வைத்திருக்கிறவர்களும் இறால் பிடிக்கிறவர்களும் மாறி மாறி வைத்திருக்கிறார்கள். ஒருவர் காலத்தில் மற்றவர் வர மாட்டார். இதற்கு உறுதி இல்லை, பத்திரம் இல்லை, எந்தக் கந்தோரிலும் பதிவில்லை. இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு மாதத்தில் நீ போய் நின்று, ஒருவருக்குமே சொந்தமில்லை என்று எழுதிவிட்டாய்.

படித்த நம்மைப் போன்றவர்கள்தான் இப்படிப் பிழை விடுவோம். நானும் விட்டிருக்கிறேன். மார்கழியில் ஒரு கிணற்றைப் பார்த்து, நிறையத் தண்ணீர் என்று எழுதி, அதை நம்பிப் பத்துப் பதினைந்து குடும்பங்களை அங்கே குடியேற்றினேன். ஆடி மாதம் கிணற்றில் வாளி தட்டியது. அவர்கள் என்னைத் திட்டின திட்டு இப்போதும் காதில் இருக்கிறது. கச்சேரிக்குப் போய், என் அறிக்கை பிழை, மீளப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி, இப்படி எழுதினால் உன் சேவைக் கோவையில் கறுப்புப் புள்ளி விழும் என்றார். விழுந்தது. பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனது. குடும்பங்கள் வேறிடத்துக்குப் போனார்கள், தண்ணீர் குடித்தார்கள். ஒரு வரி, மகன். "என் அறிக்கை பிழையானது." அதை எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம். அதை எழுதுகிற நாற்காலியில் இன்றைக்கு நீதான் இருக்கிறாய்.

நம்முடைய ஆட்களின் கம்பனி என்றாய். நம்முடைய ஆட்கள் என்று சொல்லிச் சொல்லித்தான் இந்த மண்ணில் யார் யாரோ நம்முடைய முதுகில் ஏறினார்கள். போரில் வந்தவனும் அதையே சொன்னான், தேர்தலில் வருகிறவனும் அதையே சொல்கிறான், இப்போது விடுதி கட்ட வருகிறவனும் அதையே சொல்கிறான். தங்கம்மா நம்முடைய ஆள் இல்லையா? அவளுக்கு அந்த விடுதியில் என்ன வேலை கொடுப்பார்கள், கக்கூஸ் கழுவுகிற வேலையா? அவள் இன்றைக்கு யாருக்கும் கை கட்டாமல் தண்ணீரில் இறங்கித் தன் சாப்பாட்டை எடுக்கிறாள். அதைப் பறித்துவிட்டுச் சீருடை கொடுப்பதற்கு அபிவிருத்தி என்று பெயர். கம்பனிக்காரர் ஹோட்டல் மண்டபத்தில் திரையில் படம் போட்டு விளக்கினார்களாம். அந்தக் கூட்டத்துக்குக் கிண்ணைமுனையிலிருந்து ஒருவரையாவது கூப்பிட்டீர்களா? கூப்பிட்டிருந்தால் ஒரு கேள்வியில் படம் அணைந்திருக்கும்.

உனக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியும். மாற்றல் வரும், தூரமான இடமாக வரும். மருமகள் வீட்டில் முகம் சுருங்கும். அவளுடைய சீதன வீட்டில் நீ இருக்கிறாய், அவர்களுடைய உறவில்தான் அந்த அரசியல்வாதியும் இருக்கிறார். சாப்பாட்டு மேசையிலேயே பேச்சு வரும். இங்கே கல்யாணம் கட்டின ஆண்பிள்ளை தாய் வீட்டில் இருப்பதில்லை என்பதற்காக, தாய் சொல்லவே கூடாது என்று இல்லை. பயப்படாதே என்று சொல்ல மாட்டேன். பயப்படு. பயந்துகொண்டே எழுது. நான் அப்படித்தான் எழுதினேன்.

எழுதாவிட்டால் வெள்ளிக்கிழமை நான் கிண்ணைமுனையில் நிற்பேன். தங்கம்மாவும் மற்றவர்களும் நிற்பார்கள், மாட்டுக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வருஷம் பிறப்பதற்குள் குத்தகையை முடிக்க வேண்டுமென்ற அவசரத்தில், எல்லைக்கல்லைத் தோணியில் ஏற்றிக்கொண்டு வரப் போகிறீர்களாம். கொண்டுவாருங்கள். காணிக்குக் கல் நடத் தோணியில் வருகிறவர்களை ஊர் பார்க்கட்டும். எனக்கு மாற்றல் கொடுக்க யாராலும் முடியாது, ஓய்வூதியத்தை வேண்டுமானால் நிறுத்திப் பார்க்கட்டும். பொலிஸைக் கூட்டிக்கொண்டு வருவதென்றால் கூட்டிக்கொண்டு வா. அவர்களுடைய வாகனத்தில் ஏறுவதற்கு என் முழங்கால் இன்னும் மடங்கும். கிராம உத்தியோகத்தரை அனுப்பிவிட்டு நீ அலுவலகத்தில் இருந்துகொள்ளாதே. கையெழுத்து உன்னுடையது, நீயே வா.

வரும்போது சப்பாத்தைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு இறங்கு, மகன். நீ வெறுங்காணி என்று எழுதின இடத்தில் இப்போது இடுப்பளவு தண்ணீர்.

உன் அம்மா